கறுப்புக்கு எந்தத் தற்காப்பு?

சதுரங்கத்தில் முதல் நகர்த்தல் எப்போதும் வெள்ளைக்குத்தான். அப்படி முந்திக்கொள்வதால் கிடைக்கும் ஆதாயம் சிறியது, ஆனால் நிச்சயமானது. தேர்ந்த ஆட்டக்காரர்களின் ஆட்டத் தொகுப்புகளைக் கணக்கிட்டால், மொத்தப் புள்ளிகளில் நூற்றுக்கு 52 முதல் 56 வரை வெள்ளையின் பக்கம் சேர்ந்திருக்கிறது. மீதிதான் கறுப்பின் பங்கு. இந்தக் குறையை ஈடுகட்டக் கறுப்பு கையாளும் ஆரம்ப ஆட்டமுறைகளைத் தற்காப்புகள் என்கிறார்கள். பெயர்தான் தற்காப்பு, எல்லாமே பதுங்கி நிற்பவை அல்ல. சில, முதல் நகர்த்தலிலேயே சண்டைக்கு இழுப்பவை.

இவற்றில் எது சிறந்தது என்ற கேள்விக்கு எல்லாருக்கும் பொதுவான பதில் கிடையாது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க நல்ல அளவுகோல் உண்டு. பின்தங்கி ஆடும் கறுப்பு எல்லாவற்றையும் ஒருசேரப் பெற முடியாது. நடுக்களத்தில் இடம், காய்கள் வெளியே வர வழி, ராஜாவின் பாதுகாப்பு, நேரம் ஆகிய நான்கில் ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் மற்றவற்றை வாங்க வேண்டியிருக்கிறது. ஒரு தற்காப்பு எதை விலையாகக் கொடுத்து எதைப் பெறுகிறது என்று பார்த்தால் அதன் தகுதி தெரிந்துவிடும். குறிப்பாக, கறுப்பின் சி8 கட்டத்தில் நிற்கும் பிஷப் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். வெள்ளைக் கட்டங்களில் நடக்கும் அந்த பிஷப்தான் கறுப்புக்குப் பெரும்பாலும் தலைவலி தரும் காய். வெற்றி விழுக்காட்டை மட்டும் பார்த்துத் தற்காப்பைத் தேர்ந்தெடுப்பவர்கள், தங்களுக்கு ஒத்துவராத நிலைகளில் போய் மாட்டிக்கொள்கிறார்கள்.

கட்டங்களைக் குறிக்கும் முறை எளிது. வெள்ளையின் இடக்கோடியிலிருந்து வலமாக ஏ முதல் எச் வரை எட்டு நெடுவரிசைகள். வெள்ளையின் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் வரை 1 முதல் 8 வரை எட்டுக் குறுக்கு வரிசைகள். ராஜாவுக்கு முன்னால் நிற்கும் வெள்ளைச் சிப்பாய் இரண்டு கட்டம் போனால் ஈ4. ராணிக்கு முன்னால் நிற்பது அப்படிப் போனால் டி4. வெள்ளை இந்த இரண்டில் எதைத் தொடுகிறது என்பதிலிருந்துதான் கறுப்பின் பாதைகள் பிரிகின்றன.

ஈ4-க்கு எதிரே

மிகப் பழைய பதில் ஈ5. வெள்ளை எடுத்த இடத்துக்குச் சமமான இடத்தைக் கறுப்பும் எடுத்துக்கொள்கிறது. எஃப்8 பிஷப்புக்கும் ராணிக்கும் உடனே வழி திறக்கிறது. சி8 பிஷப்புக்கும் பின்னால் பெரிய தடை இருப்பதில்லை. கறுப்பின் பதில்களிலேயே இயல்பானது இதுதான். ஆனால் ஈ5-இல் நிற்கும் சிப்பாய்க்குக் காவல் இல்லை. இரண்டாவது நகர்த்தலிலேயே வெள்ளைக் குதிரை எஃப்3-க்கு வந்து அதைக் குறிவைக்கிறது. அதன் பிறகு எந்தப் பாதையில் போவது என்பது பெரும்பாலும் வெள்ளையின் விருப்பம். இத்தாலிய ஆட்டம், ஸ்காட்ச், ஸ்பானிய ஆட்டம் என்று எது வந்தாலும் கறுப்பு தயாராக இருக்க வேண்டும். இவற்றில் ஸ்பானிய ஆட்டம்தான் கறுப்புக்கு நீண்ட சோதனை. பிஷப்பை பி5-க்குக் கொண்டுபோகும் இந்த முறைக்கு, 1561-இல் சதுரங்க நூல் வெளியிட்ட ஸ்பெயின் நாட்டுப் பாதிரியார் ரூய் லோபஸின் பெயரும் உண்டு.

இந்தச் சோதனையைத் தாங்கும் சுவர் ஒன்றை விளாதிமிர் கிராம்னிக் 2000-ஆம் ஆண்டு லண்டனில் காட்டினார். உலகப் பட்டத்துக்காக கேரி காஸ்பரோவை எதிர்த்து ஆடியபோது, ஸ்பானிய ஆட்டத்துக்குப் பெர்லின் தற்காப்பைக் கொண்டுவந்தார். அதில் எட்டாவது நகர்த்தலிலேயே ராணிகள் இரண்டும் பலகையைவிட்டுப் போய்விடுகின்றன. கறுப்பு ராஜா காஸ்லிங் செய்யும் உரிமையை இழந்து டி8-இல் நிற்கிறது. சி வரிசையில் கறுப்புச் சிப்பாய்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. பார்வைக்குக் கறுப்பு கெட்டுப்போனதுபோல் இருக்கும். ஆனால் ராணிகள் இல்லாத களத்தில் அந்த ராஜாவைத் தாக்க ஆளில்லை. கறுப்பிடம் இரண்டு பிஷப்புகளும் மிஞ்சுகின்றன. தாக்குதல் ஆட்டத்தில் நிகரற்ற காஸ்பரோவுக்கு, தாக்க எதுவுமே இல்லாத நிலை திரும்பத் திரும்ப வந்தது. அந்தப் போட்டி முழுவதிலும் ஓர் ஆட்டத்தில்கூட வெல்லாமல், 6.5-க்கு 8.5 என்ற கணக்கில் அவர் பட்டத்தை இழந்தார். எதிராளிக்குப் பிடித்த ஆட்டத்தை அவரிடமிருந்து பறிப்பதும் ஒரு தற்காப்பின் தகுதிதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. பெர்லினை ஆட ராணிகள் இல்லாத நிலைகளில் பல மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்திருக்கத் தெரிய வேண்டும்.

ஈ5-லிருந்து கிளைக்கும் இன்னொரு பாதை, ரஷ்யாவின் அலெக்சாண்டர் பெட்ரோவின் பெயரால் வழங்கும் பெட்ரோவ் தற்காப்பு. ஈ5 சிப்பாயைக் காக்காமல், தன் குதிரையை எஃப்6-க்குக் கொண்டுவந்து வெள்ளையின் ஈ4 சிப்பாயைக் கறுப்பு குறிவைக்கிறது. உறுதியான முறை, நிலை பெரும்பாலும் சமமாகவே போய் டிராவில் முடியும். புதிதாக ஆடுபவர்கள் இதில் ஒரு குழியை அறிந்திருக்க வேண்டும். வெள்ளைக் குதிரை ஈ5-ஐ வெட்டியதும், கறுப்பு அவசரப்பட்டுத் தன் குதிரையால் ஈ4-ஐ வெட்டினால், வெள்ளை ராணி ஈ2-க்கு வரும். பயந்து கறுப்புக் குதிரை எஃப்6-க்குத் திரும்பினால், வெள்ளைக் குதிரை ஈ5-லிருந்து சி6-க்குத் தாவும். ஈ வரிசை திறந்து ராணியால் செக்; அதே நேரத்தில் குதிரையின் பிடியில் கறுப்பு ராணி. ராணி போய்விடும். முதலில் டி6 ஆடிக் குதிரையை விரட்டிவிட்டுப் பிறகு ஈ4-ஐ வெட்டுவதே சரியான வரிசை.

சிசிலியன்: சமநிலை வேண்டாதவர்களுக்கு

1.ஈ4 சி5, அதாவது வெள்ளையின் ஈ4-க்குக் கறுப்பின் பதில் சி5 என்பது, சிசிலியன் தற்காப்பு. ஈ4-க்கு எதிராக உயர்நிலைப் போட்டிகளில் மிக அதிகமாக ஆடப்படும் பதில் இது. எதிரே நின்று மறிக்காமல், பக்கத்திலிருந்து டி4 கட்டத்தைக் கறுப்பு கண்காணிக்கிறது. வெள்ளை டி4 தள்ளும்போது சி சிப்பாயைக் கொடுத்து வெள்ளையின் டி சிப்பாயை வாங்கிக்கொள்கிறது. ஓரத்துச் சிப்பாய்க்கு நடுச்சிப்பாய் என்ற இந்த மாற்றுதான் சிசிலியனின் உயிர். அதன் பிறகு நடுவில் கறுப்புக்கு இரண்டு சிப்பாய்கள், வெள்ளைக்கு ஒன்று. சி வரிசையும் கறுப்பு யானைக்குப் பாதி திறந்துவிடுகிறது. ஆட்டம் நீண்டு போனால் இந்த இரண்டு ஆதாயங்களும் கறுப்பின் கைக்கு வரும்.

கொடுக்கும் விலை நேரம். சிப்பாய்களை நகர்த்திக்கொண்டிருக்கும் கறுப்பைவிட வெள்ளையின் காய்கள் முன்னதாகவே வெளியே வந்துவிடுகின்றன. அந்த முன்தொடக்கத்தைக் கொண்டு கறுப்பு ராஜாவை உடனே தாக்குவதுதான் வெள்ளையின் வழி. ஆகவே சிசிலியனில் இரு பக்கமும் ஓடுவது வெவ்வேறு திசைகளில். தாக்குதல் முதலில் போய்ச் சேர்ந்தால் வெள்ளை வெல்லும். அதைத் தாங்கிவிட்டால் கறுப்பு வெல்லும். டிரா ஆகும் ஆட்டங்கள் இதில் ஒப்பளவில் குறைவு. கறுப்பிலும் வெற்றிக்கே ஆடுபவர்கள் இதை விரும்புவது அதனால்தான்.

1985-இல் மாஸ்கோவில் நடந்த உலகப் போட்டியின் 24-ஆவது, கடைசி ஆட்டத்தில் அனத்தோலி கார்போவ் வென்றே ஆகவேண்டும். வென்றால் 12-12 என்று சமமாகிப் பட்டம் அவரிடமே தங்கும். காஸ்பரோவுக்கு டிரா போதும்; கையில் கறுப்புக் காய்கள். அந்த நிலையிலும் அவர் பதுங்கவில்லை. சிசிலியனின் ஷெவனிங்கன் கிளையை ஆடினார். வென்றாக வேண்டிய கார்போவ் தாக்க வந்தார், எதிர்த்தாக்குதலில் தோற்றார். காஸ்பரோவ் முதல்முறையாக உலகச் சாம்பியன் ஆனார்.

சிசிலியனுக்குள் கிளைகள் ஏராளம். ஐந்தாவது நகர்த்தலில் ஏ6 என்று ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளுவது நைடார்ஃப் முறை. போலந்தில் பிறந்து அர்ஜென்டினாவில் குடியேறிய மிகல் நைடார்ஃபின் பெயர் அதற்கு வந்தது. அந்தச் சின்ன நகர்த்தல் பி5 கட்டத்தில் வெள்ளைக் குதிரையும் பிஷப்பும் வந்து உட்காருவதைத் தடுக்கிறது. பின்னால் பி5 தள்ளவும் உதவுகிறது. பாபி ஃபிஷரும் காஸ்பரோவும் ஆயுள் முழுக்க நம்பிய ஆயுதம் இது. இதன் மிகக் கூர்மையான பாதையில், கறுப்பு ராணி பி6-க்கு வந்து பி2-இல் இருக்கும் சிப்பாயை வெட்டும். நஞ்சுச் சிப்பாய் என்றே அதற்குப் பெயர். 1972-இல் ரெய்க்யாவிக்கில் போரிஸ் ஸ்பாஸ்கியோடு ஆடியபோது ஃபிஷர் அதை 7-ஆவது ஆட்டத்தில் வெட்டி டிரா செய்தார். 11-ஆவது ஆட்டத்தில் மறுபடியும் வெட்டினார். இந்த முறை ராணி திரும்பி வர வழியின்றிச் சிக்கிக்கொள்ள, தோற்றுப்போனார்.

டிராகன் என்ற கிளையில் கறுப்பு பிஷப் ஜி7-இல் நின்று நீண்ட மூலைவிட்டம் முழுவதையும் ஆளுகிறது. வெள்ளை ராணி பக்கம் காஸ்லிங் செய்துவிட்டு எச் சிப்பாயை ஏவும். கறுப்பு சி வரிசையில் இறங்கும். ஒரே ஒரு நகர்த்தலில் வெற்றி தோல்வி மாறிவிடும். ஸ்வெஷ்னிகோவ் கிளை இன்னும் வினோதமானது. ஈ5 தள்ளுவதன் மூலம் டி5-இல் நிரந்தரமான ஓட்டையையும் டி6-இல் பின்தங்கிய சிப்பாயையும் கறுப்பு தானாகவே உண்டாக்கிக்கொள்கிறது. கைம்மாறாகக் காய்களுக்குத் துடிப்பான இடங்கள் கிடைக்கின்றன. ஒரு காலத்தில் இதைச் சந்தேகமாகவே பார்த்தார்கள். 2018-இல் லண்டனில் ஃபாபியானோ கருவானாவுக்கு எதிரான உலகப் போட்டியில் மாக்னஸ் கார்ல்சன் இதைத்தான் நம்பினார். நீண்ட நேர ஆட்டங்கள் 12-ம் டிரா ஆக, விரைவு ஆட்டங்களில் 3-0 என்று வென்றார். அவற்றுள் இரண்டாவது, கறுப்பில் ஸ்வெஷ்னிகோவ் ஆடிப் பெற்ற வெற்றி.

சிசிலியனின் பெரிய குறை, படிக்க வேண்டியது மலையளவு என்பதுதான். அதோடு, வெள்ளை டி4 தள்ளாமல் சி3 ஆடும் அலாபின், பிஷப்பை பி5-க்குக் கொண்டுபோகும் ரொசோலிமோ போன்ற பாதைகளில் போய்விட்டால், கறுப்பு பாடுபட்டுப் படித்த நைடார்ஃப் எதற்கும் பயன்படாது.

பிரெஞ்சும் காரோ-கானும்

இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பதுதான் தற்காப்புகளை ஒப்பிடக் கற்கச் சிறந்த பயிற்சி. இரண்டின் நோக்கமும் ஒன்றே: அடுத்த நகர்த்தலில் டி5 தள்ளி ஈ4 சிப்பாயைக் கேள்வி கேட்பது. அந்த டி5-க்குத் தாங்கலாகப் பிரெஞ்சுத் தற்காப்பு ஈ6-ஐ வைக்கிறது. காரோ-கான் சி6-ஐ வைக்கிறது. இவ்வளவுதான் வேறுபாடு. ஆனால் ஆட்டத்தின் குணமே இதனால் மாறிவிடுகிறது.

பிரெஞ்சில் ஈ6-இல் நிற்கும் சிப்பாய் சி8 பிஷப்பின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்திவிடுகிறது. வெள்ளை ஈ5 தள்ளினால் அந்தக் கதவு இன்னும் இறுகும். கறுப்பு பெறுவது என்ன? வெள்ளையின் டி4, ஈ5 சிப்பாய்கள் சங்கிலிபோல் நிற்கும்போது, அதன் அடியைத் தாக்க சி5 உடனே தயாராக இருக்கிறது. குதிரை சி6-க்கும் ராணி பி6-க்கும் வந்து டி4 மேல் அழுத்தம் கூடிக்கொண்டே போகும். வெள்ளை ராஜா பக்கம் தாக்க, கறுப்பு ராணி பக்கம் திறக்க, ஆட்டம் எப்போதும் எதிரெதிர் முனைகளில் நடக்கும். 1834 முதல் 1836 வரை லண்டன், பாரிஸ் நகரங்களின் கழகங்கள் கடிதம் வழியாக ஆடிய போட்டியில் பாரிஸ் இதை ஆடி வென்றதால் பிரெஞ்சு என்ற பெயர் நிலைத்தது. மிகயீல் பொட்வின்னிக், விக்டர் கோர்ச்னாய் போன்ற பிடிவாதமான போராளிகள் இதை நம்பினார்கள். தமிழ் வாசகர்களுக்கு நன்கு நினைவிருக்கக்கூடிய அண்மைய சான்று, 2024-இல் சிங்கப்பூரில் நடந்த உலகப் போட்டி. முதல் ஆட்டத்தில் சென்னையின் குகேஷ் ஈ4 ஆட, டிங் லிரன் பிரெஞ்சுத் தற்காப்பில் 42 நகர்த்தல்களில் வென்று எல்லாரையும் வியக்கவைத்தார். 13-ஆவது ஆட்டத்திலும் அதையே ஆடி டிரா செய்தார். கடைசியில் பட்டம் குகேஷுக்குத்தான் போனது.

காரோ-கானில் சி8 பிஷப்புக்குக் கதவு திறந்தே இருக்கிறது. 1.ஈ4 சி6 2.டி4 டி5 3.ஈ5 என்று வெள்ளை முன்னேறினால், கறுப்பு பிஷப் உடனே எஃப்5-க்கு வெளியே வந்துவிடும். பிறகு ஈ6 ஆடினாலும் பிஷப் உள்ளே அடைபடாது. பிரெஞ்சு ஆடுபவர்கள் ஏங்கும் நிலை இது. அதற்கான விலை நேரம். வெள்ளையின் சங்கிலியை உடைக்க இங்கேயும் சி5 வேண்டும். ஆனால் அந்தச் சிப்பாய் ஏற்கெனவே சி6-இல் நிற்பதால், அங்கே போக இரண்டு நகர்த்தல் செலவாகிறது. ராணி பக்கத்துக் குதிரைக்கு இயல்பான சி6 கட்டமும் அடைபடுகிறது. இந்தத் தாமதத்தைத் தாங்கிக்கொண்டால், ஆட்டம் முழுவதும் பலவீனமே இல்லாத சிப்பாய் அமைப்பு கிடைக்கும். 1886-இல் இந்த முறையைப் பற்றி எழுதிய ஹொரேஷியோ காரோ, மார்க்கஸ் கான் இருவரின் பெயர்களும் சேர்ந்து இதன் பெயராயின. காப்பாபிளாங்கா, பெட்ரோசியன், கார்போவ் என்று இதை ஆடியவர்களின் வரிசையைப் பார்த்தாலே இதன் சுபாவம் புரியும். அவசரப்படாதவர்கள், எதிராளியின் பொறுமை தீரும்வரை காத்திருக்கத் தெரிந்தவர்கள்.

உறுதியானது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு ஆடக் கூடாது. 3.குதிரை சி3, டி சிப்பாய் ஈ4-ஐ வெட்ட, 4.குதிரை ஈ4-ஐ வெட்ட, கறுப்பு குதிரையை டி7-க்கு வைக்கிறது. ஐந்தாவதாக வெள்ளை ராணி ஈ2-க்கு வருகிறது. ஒன்றுமறியாத நகர்த்தல்போல் தெரியும். கறுப்பு மற்றக் குதிரையை எஃப்6-க்குக் கொண்டுவந்தால், வெள்ளைக் குதிரை டி6-க்குப் போய்ச் செக் சொல்லும். ஆட்டம் முடிந்துவிட்டது. டி6-இல் நிற்கும் குதிரையை ஈ7 சிப்பாயால் வெட்ட முடியாது. வெட்டினால் ஈ2 ராணியின் பார்வையில் கறுப்பு ராஜா விழும். தப்பிக்கவும் இடமில்லை, சுற்றிலும் சொந்தக் காய்களே அடைத்து நிற்கின்றன. ஆறே நகர்த்தலில் மேட்.

இரண்டில் எது மேல்? தோற்காமல் இருப்பதற்குக் காரோ-கான் மேல். எதிர்த்தாக்குதலுக்குப் பிரெஞ்சு மேல். பொட்வின்னிக்கே 1960-இல் மிகயீல் தாலோடு ஆடிய உலகப் போட்டியின் முதல் ஆட்டத்தில் பிரெஞ்சு ஆடித் தோற்று, மூன்றாவது ஆட்டத்தில் காரோ-கானுக்கு மாறினார். கற்றுக்கொள்ளும் நிலையில் இருப்பவருக்குக் காரோ-கானே ஏற்றது. ஒரு காயை ஆட்டம் முழுக்க அடைத்து வைத்துக்கொண்டு ஆடும் கலை பின்னால் வந்தால் போதும்.

மற்றப் பதில்களை விரைவாகப் பார்த்துவிடலாம். ஸ்காண்டிநேவியன் தற்காப்பில் கறுப்பு முதலிலேயே டி5 தள்ளுகிறது. வெள்ளை வெட்ட, ராணியால் திரும்ப வெட்டினால், வெள்ளைக் குதிரை சி3-க்கு வந்து ராணியை விரட்டி நேரத்தை மிச்சம் பிடிக்கும். படிக்க வேண்டியது குறைவு என்பதுதான் இதன் பெரிய நன்மை. 1995-இல் நியூயார்க்கில் காஸ்பரோவை எதிர்த்து உலகப் போட்டி ஆடிய விஸ்வநாதன் ஆனந்த் 14-ஆவது ஆட்டத்தில் இதை ஆடி நல்ல நிலையைப் பெற்றார், ஆனால் ஆட்டத்தை இழந்தார். அலெகைன் தற்காப்பில் எஃப்6 குதிரையைக் கொண்டு வெள்ளைச் சிப்பாய்களை முன்னுக்கு இழுத்துவிட்டுப் பிறகு அவற்றைத் தாக்குவது திட்டம். துணிச்சல் அதிகம் வேண்டும். பிர்ட்ஸ் தற்காப்பில் நடுக்களம் முழுவதையும் வெள்ளைக்குக் கொடுத்துவிட்டு ஜி7 பிஷப்பை நம்பி உட்காருகிறது கறுப்பு. 1999-இல் விக் ஆன் ஸே நகரில் வெசெலின் டோப்பலோவ் இதை ஆடியபோதுதான், காஸ்பரோவ் யானையைப் பலிகொடுத்து, ராஜாவைப் பலகையின் மறுகோடிவரை விரட்டிய புகழ்பெற்ற ஆட்டம் பிறந்தது.

டி4-க்கு எதிரே

டி4 சிப்பாய்க்குப் பின்னாலேயே ராணி காவல் நிற்கிறது. ஆகவே ஈ4 ஆட்டங்களைப்போல முதல் பத்து நகர்த்தலில் தீப்பற்றுவது குறைவு. விலை கொடுப்பதும் வாங்குவதும் மெதுவாக நடக்கும். 1.டி4 டி5 2.சி4 என்று சி சிப்பாயை வெட்டக் கொடுப்பது குயின்ஸ் கேம்பிட். இங்கே மறுபடியும் அதே கேள்வி: டி5-ஐ ஈ6-ஆல் தாங்குவதா, சி6-ஆல் தாங்குவதா? ஈ6 வைத்தால் கேம்பிட்டை மறுக்கும் முறை. பிரெஞ்சைப்போலவே சி8 பிஷப் அடைபடும். சி6 வைத்தால் ஸ்லாவ் தற்காப்பு. காரோ-கானைப்போலவே பிஷப்புக்கு வழி இருக்கும்.

மறுக்கும் முறைதான் நெடுங்காலம் டி4-க்கு எதிரான பொதுவான பதிலாக இருந்தது. 1927-இல் புவெனஸ் ஐரிஸில் காப்பாபிளாங்காவும் அலெகைனும் மோதிய 34 ஆட்டங்களில் 32 இந்த முறையில்தான் தொடங்கின. இதில் கறுப்பு ராஜா பத்திரமாக இருக்கும், நடுக்களம் உடையாது. சிறிய இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதுதான் சிரமம்.

ஈ6, சி6 இரண்டையும் சேர்த்து வைத்தால் அரை ஸ்லாவ். சி8 பிஷப் இருபக்கமும் அடைபட்டு, கறுப்பு எல்லாவற்றையும் இழுத்துக் கட்டிய வில்போல் நிற்கும். இதன் மெரான் கிளையில், சமயம் பார்த்து சி4-ஐ வெட்டி, பி5, ஏ6, சி5 என்று ராணி பக்கச் சிப்பாய்கள் பாய்கின்றன. அடைபட்டிருந்த பிஷப் பி7 வழியாக வெளியே வந்து நீண்ட மூலைவிட்டத்தில் வெள்ளை ராஜாவையே பார்க்கிறது. 2008-இல் பான் நகரில் கிராம்னிக்கை எதிர்த்து ஆடிய ஆனந்த், 3-ஆவது, 5-ஆவது ஆட்டங்களை இதே கிளையில் கறுப்பு ஆடி வென்றார். 5-ஆவது ஆட்டத்தின் முடிவு மறக்க முடியாதது. 29-ஆவது நகர்த்தலில் கிராம்னிக்கின் குதிரை டி4-இல் இருந்த சிப்பாயை வெட்டியது. இலவசமாகக் கிடைத்ததுபோல் இருந்தது. ஆனந்த் அதைத் தொடர்ந்த வெட்டுகளையெல்லாம் முன்பே கணக்கிட்டிருந்தார். 34-ஆவது நகர்த்தலில் அவருடைய குதிரை ஈ3-க்குப் போய் உட்கார்ந்தது. அதை வெட்டினால் கறுப்புச் சிப்பாய் ஈ3-க்கு வந்துவிடும். பிறகு அது ராணியாவதை வெள்ளையால் தடுக்க முடியாது. கிராம்னிக் ஆட்டத்தைக் கைவிட்டார். டி4 ஆட்டத்தில் கேடயம்போல் நம்பப்பட்ட ஒரு முறை, உலகப் போட்டியில் கறுப்பின் வாளாக மாறியது.

டி5 தள்ளாமல், முதலில் குதிரையை எஃப்6-க்குக் கொண்டுவருபவை இந்தியத் தற்காப்புகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கல்கத்தாவில் ஜான் காக்ரேனோடு பலமுறை ஆடிய வங்காளத்து மகேஷ்சந்திர பானர்ஜி, பிஷப்பை ஜி7-இல் நிறுத்தும் இந்த அமைப்புகளைக் கையாண்டவர். ஐரோப்பாவில் இவை முழு மதிப்பைப் பெற்றது 1920-களில்தான்.

இந்தியத் தற்காப்புகளுள் நிம்ட்ஸோ-இந்தியனை முதலிடத்தில் வைக்கலாம். 1.டி4 குதிரை எஃப்6 2.சி4 ஈ6 3.குதிரை சி3 பிஷப் பி4. பிஷப் சி3 குதிரையைக் கட்டிப்போடுகிறது. தேவையானால் அந்தக் குதிரையை வெட்டி, வெள்ளையின் சி வரிசையில் சிப்பாய்களை இரட்டிக்கும். இரண்டு பிஷப்புகளையும் வைத்திருக்கும் உரிமைதான் விலை. ராஜா பத்திரம், காய்கள் வேகமாக வெளியே, நடுக்களத்தில் அழுத்தம் ஆகியவை வரவு. கொடுப்பது குறைவு, பெறுவது அதிகம் என்ற கணக்கில் டி4-க்கு எதிராக இதற்கு இணையானது இல்லை. அதனாலேயே வெள்ளை பலமுறை குதிரையை சி3-க்குக் கொண்டுவராமல் எஃப்3-க்கு வைத்து இதைத் தவிர்த்துவிடுகிறது. அப்போது குயின்ஸ் இந்தியனோ மறுக்கும் முறையோ கறுப்புக்குத் துணையாக வேண்டும்.

கிங்ஸ் இந்தியன் முற்றிலும் வேறு மனநிலை. வெள்ளை டி4, சி4, ஈ4 என்று நடுவை நிரப்பட்டும் என்று விட்டுவிட்டு, காஸ்லிங் செய்து முடித்த பிறகு கறுப்பு ஈ5 தள்ளுகிறது. வெள்ளை டி5 என்று நடுவை அடைத்துவிட்டு, சி5 தள்ளி ராணி பக்கம் உடைக்கப் புறப்படும். கறுப்பு எஃப்5, எஃப்4, ஜி5, ஜி4 என்று சிப்பாய்களை வெள்ளை ராஜாவின் மேல் கொட்டும். பிரெஞ்சில் பாரமாக இருந்த சி8 பிஷப் இங்கே கறுப்பின் விலைமதிப்புள்ள காய். எச்3-இல் தன்னைப் பலிகொடுத்து ராஜாவின் முன்னுள்ள சிப்பாய்களைக் கலைக்க அது வேண்டும். இன்றைய கணினிகள் இந்த நிலைகளில் வெள்ளைக்கே கணிசமான ஆதாயம் தருகின்றன. ஆனால் கணினியின் கணக்கு எதிரே உட்கார்ந்திருப்பவரின் பயத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. மனிதர்களோடு ஆடுபவர்களுக்குக் கிங்ஸ் இந்தியன் இன்றும் மதிப்பான ஆயுதம்.

குரூன்ஃபெல்ட் தற்காப்பில் வெள்ளைக்குப் பெரிய நடுக்களத்தைக் கட்டவிட்டு, ஜி7 பிஷப், சி5 சிப்பாய், யானைகள் எல்லாம் சேர்ந்து அதை இடிக்கப் பார்க்கும். 1922-இல் வியன்னாவில் எர்ன்ஸ்ட் குரூன்ஃபெல்ட் இதைக் கொண்டு அலெகைனையே வென்றார். 1956-இல் 13 வயது ஃபிஷர் ராணியைப் பலிகொடுத்து டொனால்ட் பைர்னை வென்ற ஆட்டமும் இதே வகை. டச்சுத் தற்காப்பும் பெனோனியும் ராஜாவின் பாதுகாப்பையோ சிப்பாய் அமைப்பையோ பணயம் வைப்பவை. வெற்றி மட்டுமே வேண்டும் என்ற நாளுக்கு அவை சரி.

கூர்மையானதற்கும் உறுதியானதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரே போட்டிக்குள் பார்க்க 2010-இல் சோஃபியாவில் நடந்த உலகப் போட்டி போதும். முதல் ஆட்டத்தில் டோப்பலோவுக்கு எதிராக ஆனந்த் குரூன்ஃபெல்ட் ஆடினார். 23-ஆவது நகர்த்தலில் தயாரித்து வைத்திருந்த வரிசை நினைவில் பிசகி, ராஜாவை எஃப்7-க்கு நகர்த்தினார். டோப்பலோவின் குதிரை எஃப்6-இல் தன்னைப் பலிகொடுத்தது. 30 நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது. குரூன்ஃபெல்ட் போன்ற முறைகளில் நினைவு ஒரு நகர்த்தல் தவறினாலே உலகச் சாம்பியனுக்கும் இதுதான் கதி.

11 ஆட்டங்கள் முடிந்தபோது இருவரும் சமம். மே 11 அன்று நடந்த 12-ஆவது ஆட்டத்தில் மறுபடியும் கறுப்புக் காய்கள் ஆனந்துக்கு. இம்முறை அவர் எடுத்தது மறுக்கும் முறையின் லாஸ்கர் கிளை. ஏழாவது நகர்த்தலில் கறுப்புக் குதிரை ஈ4-க்கு ஏறி, குதிரைகளையும் பிஷப்புகளையும் மாற்றிக்கொள்ள வைக்கிறது. காய்கள் குறைந்ததும் கறுப்பின் இட நெருக்கடி தானாகவே தளர்கிறது. நூறு ஆண்டுக்கும் மேல் பழையது, மனப்பாடம் அதிகம் வேண்டாதது, தோற்கக் கடினமானது. டிரா ஆனால் அடுத்து விரைவு ஆட்டங்கள். அதில் ஆனந்தின் கை ஓங்கியது என்பதால் டோப்பலோவ் அதைத் தவிர்க்க விரும்பி, சமமான நிலையில் ஆட்டத்தைத் திறந்தார். திறந்த கதவு அவர் ராஜாவின் பக்கமே போய் முடிந்தது. 56 நகர்த்தலில் ஆனந்த் வென்று, 6.5-க்கு 5.5 என்று பட்டத்தைத் தக்கவைத்தார்.

இணைத்துத் தேர்ந்தெடுத்தல்

தற்காப்புகளைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுப்பதைவிட, ஈ4-க்கு ஒன்றும் டி4-க்கு ஒன்றுமாக, சிப்பாய் அமைப்பு ஒத்துப்போகும்படி இணைத்துக்கொள்வது உழைப்பைப் பாதியாகக் குறைக்கும். காரோ-கானும் ஸ்லாவும் இயல்பான ஜோடி. சி6, டி5 அமைப்பில் கிடைக்கும் அனுபவம் இரண்டிலும் பயன்படும். பிரெஞ்சும் மறுக்கும் முறையும் அதேபோல ஈ6, டி5 குடும்பம். பிர்ட்ஸும் கிங்ஸ் இந்தியனும் ஜி7 பிஷப்பின் குடும்பம். சிசிலியன் ஆடுபவர்களுக்கு நிம்ட்ஸோவோ கிங்ஸ் இந்தியனோ பொருந்தும்.

புதிதாகக் கற்கும் சிறுவர்கள் சில ஆண்டுகள் ஈ5-உம் மறுக்கும் முறையும் ஆடுவது நல்லது. காய்களை வெளியே கொண்டுவருவது, நடுவைப் பிடிப்பது, காஸ்லிங் செய்வது என்ற அடிப்படைகள் மறைக்கப்படாமல் நேராகத் தெரிவது இவற்றில்தான். தொடக்கத்திலேயே நைடார்ஃபின் இருபது நகர்த்தலை மனப்பாடம் செய்யும் சிறுவர்கள், எதிராளி மூன்றாவது நகர்த்தலில் வேறு பாதையில் போனால் திகைத்து நிற்கிறார்கள். அடிப்படை ஊறிய பிறகு, சுபாவத்துக்கு ஏற்றபடி காரோ-கானுக்கோ சிசிலியனுக்கோ மாறலாம்.

வெள்ளை ஈ4-உம் டி4-உம் ஆடாமல் 1.சி4 என்றோ 1.குதிரை எஃப்3 என்றோ தொடங்கினாலும் இதே ஜோடிகள் கைகொடுக்கும். ஸ்லாவ் ஆடுபவர் சி6, டி5 வைக்கலாம். மறுக்கும் முறை ஆடுபவர் ஈ6, டி5 வைக்கலாம். கிங்ஸ் இந்தியன் ஆடுபவர் எஃப்6 குதிரை, ஜி6, ஜி7 பிஷப் என்று எதையும் பார்க்காமலேயே அமைக்கலாம். பல ஆட்டங்கள் சில நகர்த்தலில் டி4 பாதைகளுக்கே வந்து சேரும். 1.சி4-க்கு எதிராக ஈ5 ஆடுவதும் உண்டு. அப்போது நிறம் மாறிய சிசிலியன் வரும், முந்துகிற நகர்த்தல் மட்டும் சிசிலியன் ஆடும் வெள்ளையின் கையில் இருக்கும்.